நீலக்கல் மூக்கு

மூக்குத்திக் கல்லைவிடச் சிறியது.
நடுவில் துளை. தையல் நூல் நுழையாது.
பழசு தேய்ந்தால் மாற்ற
இது ஒன்றுதான் கைவசம்.
சாப்பாட்டுத் தூக்கின் மேல்தட்டில்
பஞ்சுக்குள் வைத்துக்கொண்டு
தக்கலையில் பஸ் ஏறுகிறேன்.
மடியில் ரெண்டாயிரம் பார் அழுத்தம்
குளிர்ந்து கிடக்கிறது.

வேளிமலைக்கு அடியில் குழாய்ச் சுரங்கம்.
புரட்டாசி வரை
பிட்டு மட்டும் சுழன்று கல்லைக் கடித்தது.
மீட்டருக்கு ஐந்தரை நிமிடம்.
அறுபது மீட்டரில் கார்பைடு பல் மழுங்கி
கோயம்புத்தூருக்குக் கூர் வைக்கப் போகும்.
கல்லுக்குள் சிவப்புப் புள்ளிகள்;
ரசலையன் அவற்றுக்கு வைத்த பெயர்
எழுதக் கூடாதது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றார்
ஆய்வுக்கு வந்த அதிகாரி.
எறும்புக்கு நாள் இருந்தது.
எங்களுக்கு மார்ச் முப்பத்தொன்று.

பிறகு வந்தது தண்ணீர்.

தண்ணீர் கல்லை உடைக்காது.
எல்லோரும் தப்பாக நினைக்கிறார்கள்,
என் வீட்டுக்காரர் உட்பட.
பிட்டுக்கு ஒரு விரல் முன்னால்
ஒரு கோடு கிழிக்கும். அவ்வளவுதான்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற கல்லுக்கு
அந்தப் பக்கத்துக் கல்லின் கை எட்டாது.
பிறகு பிட்டு வந்து
தோளில் லேசாகத் தட்டினால் போதும்.

அந்த அழுத்தத்தில் தண்ணீர்
தண்ணீராக ஒலிப்பதில்லை.
கண்ணாடிக் கடையில் யாரோ
நிறுத்தாமல் கீறிக்கொண்டிருப்பது போல.
காதடைப்பானுக்குள்ளும் பல் கூசும்.

கோட்டை ஆழமாக்க
மூட்டை மூட்டையாகச் சிவப்பு மணல்,
மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து.
ஒரு பிடி அள்ளி
சுரங்க முகத்துப் புள்ளிகளோடு சேர்த்து
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரே நிறம்.
எந்த மழையில் எந்த ஆறு இறக்கியதோ.
விசாரிக்க நேரமில்லை, கொட்டினேன்.

மூன்றே கால் நிமிடம்.
பதிவேட்டில் எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தூசி இல்லை. ரசலையனின் புருவம்
முதல்முறையாகக் கறுப்பாக இருந்தது.

வியாழன் மழை. பரளியாறு கலங்கி
வடிகட்டி மூன்று முறை அடைத்தது.
நாலாம் முறை அழுத்தம் இறங்கியது,
நூறு, இன்னொரு நூறு.
எங்கோ கசிவு.
அட்டையை நீட்டித்தான் தேட வேண்டும்;
அட்டை எங்கே வெட்டுப்படுகிறதோ அங்கே ஓட்டை.
சுவரில் எழுதியிருக்கிறது, சிவப்பில், மூன்று பாஷையில்.
ரசலையன் கையால் தடவினான்.

ரத்தம் இல்லை. கையுறையில் ஒரு புள்ளி.
"ஒண்ணும் இல்லக்கா, கொதுகு கடிச்ச மாதிரி.
பம்ப ஓட்டுங்க."
ஓட்டவில்லை.
கல்லில் விரல் ஆழம் கிழிப்பது
உள்ளங்கையில் எதுவரை போயிருக்கும்?
ஜீப்பில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான்.
வில்லுக்குறி தாண்டியதும் திட்டு நின்றது.

ஆசாரிப்பள்ளத்தில் இளம் டாக்டர்
புள்ளியைப் பார்த்துவிட்டு
ஆயின்மென்ட் எழுதப் போனார்.
டீ ரசீதின் பின்பக்கம் எழுதி நீட்டினேன்:
ஆற்றுத் தண்ணீர். ரெண்டாயிரம் பார்.
காலை பதினொன்று இருபது.
படித்துவிட்டு எழுந்து நின்றார்.

மணிக்கட்டு வரை திறந்தார்கள்.
கழுவி எடுத்ததில்
பரளியாற்றின் கலங்கல் இருந்ததாம்.

விரல்கள் மடங்குகின்றன,
சுண்டுவிரல் மட்டும் யோசித்து மடங்குகிறது.
கட்டோடு வார்டில் உட்கார்ந்து
இன்று எத்தனை மீட்டர் என்று
போன் போட்டுக் கேட்கிறான்.

திங்கட்கிழமை. பஸ்ஸிலிருந்து இறங்கி
புது மூக்கைப் பொருத்துகிறேன்.
பஞ்சு இழை ஒன்று ஒட்டியிருக்கிறது;
ஊதினால் போகவில்லை,
ஊக்கால் எடுக்கிறேன்.
மீட்டருக்கு மூன்று நிமிடம் பத்து விநாடி.
குறிப்பு என்ற கட்டத்தில்
இதுவரை எதுவும் எழுதியதில்லை.
எழுதுகிறேன்:
அட்டை தீர்ந்துவிட்டது.
காலி பிஸ்கட் பெட்டிகள் அனுப்பவும்.